திருத்துவதும் திரும்ப எழுதுவதும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

அரசு உயர்நிலைப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கிறேன். மாணவர்களின் எழுத்துத்திறன் நாளுக்கு நாள் நலிந்து வருகிறது. கைப்பேசியும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். ‘எங்கள் ஊர் நூலகம்’ என்ற தலைப்பில் ஒரு மாணவி எழுதிய கட்டுரையை, நான் திருத்தியபடியே இணைத்திருக்கிறேன். தெளிவாகவும் பிழையின்றியும் எழுத இவர்களை எப்படிப் பழக்குவது? இதற்கு உதவும் நூல்களைப் பரிந்துரைக்க முடியுமா?

க.

அன்புள்ள க. அவர்களுக்கு,

கைப்பேசியை விட்டுவிடுவோம். அது வருவதற்கு முன்பும் பிள்ளைகள் இப்படித்தான் எழுதினார்கள்.

அந்தக் கட்டுரையைப் பொறுமையாகப் படித்தேன். முன்னுரையில் நூலகம் அறிவின் திறவுகோலாக இருக்கிறது. அடுத்து, 1896இல் சென்னையில் திறக்கப்பட்ட கன்னிமாரா நூலகம் வருகிறது. தலைப்போ எங்கள் ஊர் நூலகம். நான்காம் பத்தியில்தான், யாரும் சொல்லிக்கொடுக்காமல், அந்தப் பெண் இப்படி எழுதுகிறாள்: ‘நூலகத் திண்ணையில் எப்போதும் ஒரு ஆடு படுத்திருக்கும், அதைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும்.’ அவள் கண்ணால் பார்த்து எழுதியது அது ஒன்றுதான். நீங்களோ ‘ஒரு’ என்பதைச் சுழித்து ‘ஓர்’ என்று மேலே எழுதிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். கன்னிமாராவுக்குச் சரிக்குறி போட்டிருக்கிறீர்கள்.

இலக்கணப்படி நீங்கள் செய்தது சரி. ஆனால், பார்த்ததை எழுதினால் சிவப்பு மை விழும், மனப்பாடம் செய்ததை எழுதினால் விழாது என்பதைத்தான் அந்தப் பிள்ளை கற்றுக்கொண்டிருப்பாள். நன்னூல் படித்தவர் நீங்கள். அந்த இலக்கண நூலில் பவணந்தியார் ஒரு நூலுக்குச் சொன்ன பத்துக் குற்றங்களில் வழூஉச்சொல் புணர்த்தல், அதாவது பிழையான சொல்லைச் சேர்ப்பது, ஒன்றே ஒன்று. சொல்ல வந்ததை விட்டு வேறொன்றை விரிக்கும் மற்றொன்று விரித்தல், பொருளில்லாத சொற்களைக் கோக்கும் வெற்றெனத் தொடுத்தல், சொற்கள் இருந்தும் பயனில்லாமல் போகும் நின்று பயனின்மை ஆகியவையும் அதே பட்டியலில்தான் இருக்கின்றன. அந்த ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு மற்ற ஒன்பதையும் நாம் மன்னித்துவிடுகிறோம். ‘எழுத்துத்திறன் நாளுக்கு நாள் நலிந்து வருகிறது’ என்ற உங்கள் வரிகூட வெற்றெனத் தொடுத்ததுதான், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

என் தந்தை தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதிப் பிழைத்தவர். முதியோர் உதவித்தொகை கேட்டு வரும் பாட்டிகளிடம் அவர் பாதி நேரம் கேள்விதான் கேட்பார். எந்த மாதத்திலிருந்து பணம் நின்றது, பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள், ரேஷன் கார்டில் யார் பெயரெல்லாம் இருக்கிறது என்று விசாரித்த பிறகுதான் பேனாவைத் திறப்பார். எழுதி முடித்ததும் உரக்கப் படித்துக் காட்டுவார். ‘நான் அப்படிச் சொல்லலையே சாமி’ என்று ஒரு பாட்டி சொன்னால், தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு புதிய தாளில் மறுபடி தொடங்குவார். தாசில்தார் ஒரு நிமிடத்துக்கு மேல் படிக்கமாட்டார் என்பது அவருக்குத் தெரியும். ஆகவே இரண்டாம் தாள் எப்போதும் முதல் தாளைவிடச் சிறியதாக இருக்கும். நான் எழுதப் படித்தது அந்த வாசலில்தான்.

நம் பள்ளிகளில் எந்தப் பிள்ளையாவது ஒரே கட்டுரையை இரண்டாம் முறை எழுதியதுண்டா? பிழையான சொல்லைப் பத்து முறை எழுதச் சொல்வது வேறு. நான் கேட்பது கட்டுரையை. ஒருமுறை எழுதி, நோட்டைக் கட்டிக் கொடுத்து, திரும்பி வந்ததும் மதிப்பெண்ணை மட்டும் பார்த்து மூடிவைத்தால், நீங்கள் இரவெல்லாம் உட்கார்ந்து திருத்தியது யாருக்குப் பயன்பட்டது? எழுதியவரே தன் எழுத்தை வேறொருவருக்குப் படித்துக் காட்டி, அவர் எங்கே விழிக்கிறார் என்று பார்த்து, அந்த இடத்தை மாற்றி எழுதும்போதுதான் தெளிவு வரும். அதற்கு நீங்கள் தேவையில்லை. பக்கத்து பெஞ்சு மாணவி போதும். ‘உள்ளே போனால் எந்தப் புத்தகத்தை எடுப்பாய்?’ என்று அவள் ஒரு கேள்வி கேட்டால், அடுத்த பத்தி தானாக வந்துவிடும்.

பொதுத்தேர்வைக் காரணம் காட்டுவீர்கள். பத்தாம் வகுப்பில் அந்தக் கட்டுரைக்கு 8 மதிப்பெண், குறிப்புகளை வினாத்தாளே கொடுத்துவிடுகிறது. உட்தலைப்புப் போட்டு அடிக்கோடிடும் வித்தையைக் கடைசி இரண்டு மாதங்களில் பழக்கிக்கொள்ளலாம்.

நூல் பட்டியல் இப்போதைக்கு வேண்டாம். ஆண்டுக்குப் பத்துக் கட்டுரை எழுத வைக்கிறீர்கள் என்றால் ஐந்தாகக் குறைத்து, ஒவ்வொன்றையும் இருமுறை எழுத வையுங்கள். முதல் படியில் சிவப்பு மை வேண்டாம், ஓரத்தில் கேள்விகள் மட்டும் இருக்கட்டும். சந்திப்பிழையை இரண்டாம் படியில் பார்த்துக்கொள்ளலாம். நோட்டில் கட்டுரைகள் குறைந்துவிட்டன என்று தலைமையாசிரியர் கேட்டால், இரண்டு படிகளையும் அருகருகே வைத்துக் காட்டுங்கள்.