ஆனர்ஸ் படிப்பது ஒரு வருடம் வீணா?

கேள்வி: அக்கா, திருநெல்வேலியில் மூன்று வருடம் பி.எஸ்சி. வேதியியல் படித்தேன். கல்யாணமாகி தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு வந்துவிட்டேன். எம்.எஸ்சி. சேர விசாரித்தால், முதலில் ஒரு வருடம் ஆனர்ஸ் படிக்கச் சொல்கிறார்கள். ஊரில் என் தோழிகள் நேராகவே எம்.எஸ்சி. சேர்ந்துவிட்டார்கள். எனக்கு ஒரு வருடம் வீண்தானே?
- ஒரு வாசகி, சாட்ஸ்வொர்த்

பதில்: வீண் இல்லை, தங்கச்சி. ஊர் எம்.எஸ்சி.யும் இங்குள்ள எம்.எஸ்சி.யும் பெயரில்தான் ஒன்று. அங்கே இரண்டு வருடமும் வகுப்பு, பரீட்சை, கடைசியில் ஒரு ப்ராஜெக்ட். இங்கே வேதியியல் எம்.எஸ்சி. பெரும்பாலும் முழுக்க ஆய்வு. ஒரு தலைப்பை எடுத்து, இரண்டு வருடம் உழைத்து, ஆய்வேடு கொடுக்க வேண்டும். வகுப்பில் படிக்கும் பாடமெல்லாம் ஆனர்ஸோடு முடிந்துவிடும். இந்த நாட்டுத் தகுதிக் கணக்கில் ஆனர்ஸ் 8-ஆம் நிலை, முதுகலை 9, முனைவர் பட்டம் 10.

நானும் மதுரையிலிருந்து இதே மனத்தாங்கலோடு வந்தவள். எம்.எஸ்சி.யில் எனக்கு வாய்த்தது மஞ்சள். நம் சமையலறை மஞ்சளேதான். கண்ணாடிக் குழாயில் சிலிக்கா ஜெல்லை நிரப்பி, மேலே மஞ்சள் சாற்றை விட்டு, கரைப்பானை ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரே மஞ்சளாக இறங்குவது மெல்ல மூன்று பட்டையாகப் பிரியும். முன்னால் ஓடுவது, மஞ்சளுக்கு நிறம் தரும் குர்குமின். ஒருநாள் டீ குடிக்கப் போய்த் திரும்புவதற்குள் கரைப்பான் வற்றி, சிலிக்கா குறுக்கே வெடித்துவிட்டது. மூன்று நாள் வேலை போயிற்று. என் வழிகாட்டி ஒரு வார்த்தை திட்டவில்லை. பக்கத்தில் நின்று, மறுபடி நிரப்பச் சொல்லிக் கொடுத்தார். பிறகு மூலக்கூறின் அமைப்பைக் காட்டும் என்.எம்.ஆர். வரைபடம் எடுத்தபோது, 3.9 பக்கத்தில் மெத்தாக்ஸி என்ற அணுக்கூட்டத்துக்கான உச்சி முதல் பட்டையில் ஆறு ஹைட்ரஜனுக்கு இருந்தது, இரண்டாவதில் மூன்றுக்கு, மூன்றாவதில் இல்லவே இல்லை. புத்தகத்தில் படித்தது கண்ணெதிரே வந்து நின்றது. ஆனர்ஸ் ப்ராஜெக்டில் கை பழகாமல் இருந்திருந்தால் அந்த இடத்துக்கு நான் வந்திருக்கவே மாட்டேன்.

அதனால் பல்கலைக்கழகத்தின் பெயரை விட வழிகாட்டியைப் பார். உனக்குப் பக்கத்திலேயே குவாசுலு-நடால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகம் இருக்கிறது. நிறவெறிக் காலத்தில் இந்தியர்களுக்கென்று 1961-இல் டர்பன் துறைமுகத்துச் சாலிஸ்பரி தீவில் தொடங்கிய கல்லூரியின் வழி வந்தது அது. நம் மக்கள் படகேறிப் போய்ப் படித்தார்கள். அங்கே போகும்போதெல்லாம் எனக்கு அந்த நினைப்பு வரும். விண்ணப்பம் போடுமுன் வழிகாட்டிக்கு எழுதி, ஆய்வகத்தை ஒருமுறை நேரில் பார். அவரிடம் படிக்கும் பிள்ளைகளிடம் தனியாகப் பேசு. கருவி கிடைக்க எத்தனை நாள் ஆகிறது, எழுதிக் கொடுத்ததை அவர் எப்போது திருத்தித் தருகிறார், இந்த இரண்டையும் கேட்டாலே போதும்.

அப்புறம், உன் பட்டத்தைத் தென்னாப்பிரிக்கத் தகுதிகள் ஆணையத்தில் மதிப்பீடு செய்ய வேண்டியிருக்கும். விசாவில் படிக்க அனுமதி இருக்கிறதா என்றும் பார். உதவித்தொகைக்குத் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளையின் அறிவிப்பைக் கவனி.

கேள்வி: வெள்ளைச் சட்டையில் பட்ட மஞ்சள் கறை, சோப்புப் போட்டதும் சிவப்பாகிறதே, ஏன்?
- ஒரு வாசகர், ஃபீனிக்ஸ்

பதில்: சோப்பு காரம், அதாவது அமிலத்துக்கு எதிரானது. காரம் பட்டால் குர்குமின் சிவக்கும். எலுமிச்சைச் சாறு விட்டால் மறுபடி மஞ்சளாகும். பயப்பட வேண்டாம். நன்றாக அலசி வெயிலில் காயப்போடுங்கள். வெளிச்சத்தில் குர்குமின் சிதைந்துபோகும், கறையும் வெளுக்கும்.