பசுமைக்குடிலில் அசுவினியை (செடியின் சாற்றை உறிஞ்சும் செடிப்பேன்) கட்டுப்படுத்த ஒட்டுண்ணிக் குளவி உண்மையிலேயே உதவுமா? யாராவது பயன்படுத்தியிருக்கிறீர்களா?

கனடாவில் லீமிங்டன் பக்கம் ஒரு குடைமிளகாய் குடிலில் ஆறு வருஷம் வேலை பார்த்தேன். அதில் நாலு வருஷம் பூச்சி கண்காணிப்பு. கழுத்தில் லென்ஸைத் தொங்கவிட்டுக்கொண்டு வரிசை வரிசையாக இலையைப் புரட்டிப் பார்ப்பதுதான் பிழைப்பு. குளவி உதவும். ஆனால் மருந்தடிக்கிற மாதிரி நினைத்து வாங்கினால் காசு தண்டம்.

ஏன் என்றால், குடிலுக்குள் இருக்கும் அசுவினி எல்லாமே பெண். ஆண் துணையும் வேண்டாம், முட்டையும் வேண்டாம், நேராகக் குட்டிதான். அந்தக் குட்டியின் வயிற்றில் அடுத்த தலைமுறை அப்போதே வளர ஆரம்பித்திருக்கும். ஒரு வாரம், பத்து நாளில் அதுவும் தாய். குளவிக்கோ, முட்டையிலிருந்து அடுத்த குளவி வெளியே வர 20 டிகிரியில் சுமார் இரண்டு வாரம் பிடிக்கும். இலையெல்லாம் பிசுபிசுத்து, காயில் கரும்பூஞ்சணம் படிந்த பிறகு குளவியைத் தேடினால் எப்படி எட்டிப் பிடிக்கும்? அசுவினி கண்ணில் படுவதற்கு முன்பே வாராவாரம் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுவர வேண்டும்.

நாங்கள் விட்டது அஃபிடியஸ் கோல்மானி என்ற குளவி. 2 மில்லிமீட்டர்தான் இருக்கும், நம்மைக் கொட்டாது. முதலில் அசுவினியை உணர்கொம்பால் தட்டிப் பார்க்கும். பிறகு வயிற்றைத் தன் கால்களுக்கு நடுவே முன்பக்கமாக வளைத்து ஒரே குத்து. முட்டை உள்ளே போய்விடும். அசுவினி அது பாட்டுக்குச் சாறு உறிஞ்சிக்கொண்டிருக்கும். உள்ளே புழு அதைத் தின்று தீர்த்ததும் உடம்பு உப்பி, பொன்பழுப்பாகக் காய்ந்து, எள் அளவில் இலையோடு ஒட்டிக்கொள்ளும். இதை மம்மி என்போம். லென்ஸில் முதல் மம்மியைப் பார்த்த அன்று நான் சாப்பாட்டு நேரத்தையே மறந்துவிட்டேன்.

முதல் வருஷம் நான் சறுக்கியது வேறு இடத்தில். மூன்று வாரம் தொடர்ந்து குளவி விட்டும் ஒரு மம்மிகூட இல்லை. இலையில் மஞ்சள் திட்டு மட்டும் கூடிக்கொண்டே போனது. பெட்டியில் வந்த குளவி வழியிலேயே செத்திருக்கும் என்று விற்றவரிடம் சண்டைக்குப் போகத் தயாராக இருந்தேன். நல்ல வேளை, அதற்கு முன் அசுவினியை இன்னொரு தடவை லென்ஸில் பார்த்தேன். பின்பக்கம் இருக்கும் இரண்டு குழாய்களின் அடியிலும் கரும்பச்சைப் புள்ளி. ஃபாக்ஸ்குளோவ் அசுவினி! கோல்மானி, பச்சைப் பீச் அசுவினி, பருத்தி அசுவினி போன்ற சின்ன உருப்படிகளுக்குத்தான் சரி. இந்தப் பெரிய இனத்துக்கு அஃபிடியஸ் எர்வி வேண்டும். மேலாளரிடம் போய் இதைச் சொன்னபோது, இதைப் பார்க்கத்தானே உனக்குச் சம்பளம் என்றார். பதில் சொல்ல வாயில்லை.

செலவைக் குறைக்க ஒரு வழி, பார்லித் தொட்டி. பார்லியில் புல்வகையை மட்டும் தின்னும் ஓர் அசுவினியை வளர்ப்போம். அது குடைமிளகாயைத் தொடாது. குளவி அதில் பெருகிப் பக்கத்து வரிசைகளுக்குப் பறக்கும். காசு கொடுத்து அசுவினி வாங்குகிறீர்களா என்று புதிதாக வருபவர்கள் சிரிப்பார்கள்.

எறும்பு இருந்தால் முதலில் அதைக் கவனியுங்கள். அசுவினி கழிக்கும் இனிப்பான தேன்துளிக்காக அதற்குக் காவல் நின்று குளவியை விரட்டிவிடும். இமிடாக்ளோபிரிட் என்ற பூச்சிமருந்து போட்ட செடியிலும் குளவியை விடாதீர்கள். வெப்பம் 30 டிகிரியைத் தாண்டினால் குளவி மந்தமாகிவிடும், ஊரில் குடில் போட்டிருப்பவர்களுக்கு இதுதான் பெரிய தலைவலி.

பப்பாளி மாவுப்பூச்சியைக் குளவி ஒரே தடவையில் அடக்கவில்லையா என்று கேட்பீர்கள். 2008-ல் கோயம்புத்தூரில் தென்பட்ட அந்தப் பூச்சியை 2010-ல் போர்ட்டோரிகோவிலிருந்து வந்த குளவிதான் அடக்கியது. ஆனால் அது திறந்தவெளி. குளவி தானே பரவி ஊரில் தங்கிவிட்டது. குடிலில் பயிரை எடுத்துச் சுத்தம் செய்தால் குளவியும் போயிற்று. வருஷா வருஷம் வாங்கத்தான் வேண்டும்.

கோடையில் மம்மியின் ஓட்டையைப் பாருங்கள். விளிம்பு வட்டமாக, மூடி திறந்த மாதிரி இருந்தால் வெளியே வந்தது நம் குளவி. ஓரம் பிய்ந்து தாறுமாறாக இருந்தால், நம் குளவியையே தின்று வளர்ந்த இன்னொரு குளவி. அப்படிப்பட்ட ஓட்டைகள் கூடினால், அந்தக் குளவியும் பெருகும் பார்லித் தொட்டிகளை மூட்டை கட்டி வெளியே போட்டுவிட்டு, அசுவினியைத் தின்னும் பொறிவண்டுக்கு மாறிவிடுவேன்.