எத்தனை பேர் சாக வேண்டும்? – வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

தொற்றுநோய்ப் படங்களைப் பற்றிச் சென்ற மாதம் எழுதியபோது ‘அண்ட் த பேண்ட் ப்ளேய்டு ஆன்’ படத்தை ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். தேடிப்பிடித்துப் பார்த்தேன். 1993இல் ஹெச்பிஓ தொலைக்காட்சிக்காக எடுத்தது. எய்ட்ஸ் அமெரிக்காவில் தலைகாட்டிய முதல் சில வருடங்களின் கதை. இரண்டேகால் மணி நேரப் படத்தில் பாதி நேரம் யாராவது கூட்டம் போட்டுப் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். ஆனாலும் எழுந்திருக்க மனம் வரவில்லை.

நான் ஒரு தனியார் மருத்துவமனையின் ரத்த வங்கியில் லேப் டெக்னீஷியன். சாம்பிளில் சின்னச் சந்தேகம் வந்தாலும் அந்தப் பையை ஒதுக்கிவிடுவோம், இரண்டாவது பேச்சே கிடையாது. அதனால்தான் ரத்த வங்கிக்காரர்கள் வரும் அந்தக் காட்சியை நம்ப முடியவில்லை. ரத்தம் வழியாகப் பரவுகிறது என்று ஒரு டாக்டர் மேசையைக் குத்திக் கத்துகிறார். அவர்களோ ஆதாரம் போதாது, செலவு அதிகம் என்று கல்லுப்போல உட்கார்ந்திருக்கிறார்கள். நிஜமாகவே இப்படி நடந்ததா? இல்லை, படத்துக்கு வில்லன் வேண்டும் என்று செய்துவிட்டார்களா?

இன்னொன்று. கனடாக்கார விமானப் பணியாளர் ஒருவர் வருகிறாரே, ‘நோயாளி பூஜ்யம்’ என்று. அவர்தான் இந்த நோயை அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தவர் என்று எங்கள் சீனியர் இன்றைக்கும் சொல்வார். உண்மையா? அமெரிக்க வைரஸ் ஆராய்ச்சியாளர் ராபர்ட் காலோவை இவ்வளவு கெட்டவராகக் காட்டியது சரியா? மூலப் புத்தகத்தை வாசிக்க வேண்டுமா, படமே போதுமா?

பெயர் வேண்டாம்.

ஒரு வாசகர்,
திருச்சி

அன்புள்ள நண்பருக்கு,

அந்தக் கூட்டம் நடந்ததுதான். 1983 ஜனவரி 4, அட்லாண்டா நகரம், சிடிசி என்கிற அமெரிக்க அரசின் நோய்த்தடுப்பு மையத்தில். மேசையைக் குத்தியதும் சினிமாவுக்காகச் சேர்த்தது இல்லை. இன்னும் எத்தனை பேர் சாக வேண்டும் என்று சிடிசி டாக்டர் டான் ஃபிரான்சிஸ் கேட்டதை, படத்துக்கு மூலமான, பத்திரிகையாளர் ராண்டி ஷில்ட்ஸ் எழுதிய புத்தகம் பதிவு செய்திருக்கிறது. படத்தில் மேத்யூ மோடின் அதைக் கொஞ்சம் கூடுதலாகவே கத்துகிறார். நடிகர், மன்னித்துவிடலாம்.

ஆனால் வில்லன்கள் என்கிறீர்களே, அதில்தான் எனக்கு இழுக்கிறது. அந்த அறையில் யார் யார் இருந்தார்கள் என்று பாருங்கள். ரத்த வங்கிகளுக்கு, சோதனை என்று ஆரம்பித்தால் செலவும் ஏறும், கொடையாளரும் பயந்து ஓடுவார் என்ற கவலை. ரத்தம் எளிதில் உறையாத ஹீமோபிலியா நோயாளிகளின் அமைப்புக்கு வேறு பயம். ஆயிரக்கணக்கானவர்களின் பிளாஸ்மாவை ஒன்றாகக் கலந்து தயாரிக்கும், ரத்தத்தை உறைய வைக்கும் ஃபேக்டர் எட்டு மருந்து வந்த பிறகுதான் அந்தப் பிள்ளைகள் மற்றவர்களைப்போல ஓடியாடத் தொடங்கியிருந்தார்கள். அதை நிறுத்தச் சொன்னால் பழைய நரகத்துக்குத் திரும்ப வேண்டும். தன்பாலீர்ப்பு ஆண்களின் பிரதிநிதிகளுக்கோ, உங்கள் ரத்தம் வேண்டாம் என்று ஒரு கூட்டத்தையே ஒதுக்கிவிட்டால் அந்த முத்திரை சுலபத்தில் போகாது என்ற பயம். மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கு, ரத்தம் எங்கள் எல்லை, அதில் நீங்கள் எதற்கு மூக்கை நுழைக்கிறீர்கள் என்ற எரிச்சல். ஒவ்வொருவரிடமும் கொஞ்சம் நியாயம் இருந்தது. எல்லா நியாயங்களையும் கூட்டிப் பார்த்தால் வந்த விடை, ஒன்றும் செய்ய வேண்டாம் என்பது.

நீங்கள் பையை ஒதுக்குகிறீர்கள் என்றால், கையில் ரத்தத்தில் தொற்றைக் காட்டிக்கொடுக்கும் எலைசா சோதனை இருக்கிறது, பின்னால் விதி இருக்கிறது. 1983 ஜனவரியில் வைரஸையே யாரும் பார்த்திருக்கவில்லை. வைரஸைக் கண்டதாகப் பாரிஸில் பாஸ்டர் நிறுவனத்தின் ஆய்வுக்கட்டுரை வந்தது அந்த வருடம் மே மாதம். எலைசா சோதனைக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 1985 மார்ச்சில். நடுவில் இருந்த இரண்டு வருடத்துக்கு ஃபிரான்சிஸ் ஒரு குறுக்குவழி சொன்னார். அவர் ஹெபடைட்டிஸ் பி ஆராய்ச்சியில் ஊறியவர். ஹெபடைட்டிஸ் பி யார் யாரைப் பிடித்ததோ, கிட்டத்தட்ட அதே ஆட்களைத்தான் இந்தப் புது நோயும் பிடிக்கிறது, பரவும் வழியும் அதேதான் என்று கண்டார். ஹெபடைட்டிஸ் பி வந்துபோன தடயத்தைக் காட்டும் கோர் ஆன்டிபாடி சோதனை ஏற்கனவே இருக்கிறது, அதில் பாசிட்டிவ் வரும் ரத்தத்தை எடுக்காதீர்கள், பெரும்பகுதி ஆபத்து போய்விடும் என்றார். நல்ல ரத்தமும் ஓரளவு வீணாகும் என்பது உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்த ‘ஓரளவு’தான் அன்று மலையாகத் தெரிந்தது. கடைசியில் மார்ச் மாதம் வந்தது ஒரு வேண்டுகோள் மட்டும். ஆபத்துள்ளவர்கள் தாங்களாகவே ரத்தம் கொடுக்காமல் இருந்துகொள்ளுங்கள் என்று.

அதே 1983இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ரத்த வங்கி மட்டும் யாரையும் கேட்காமல் தானாக ஒரு மாற்றுச் சோதனையைத் தொடங்கியது. வெள்ளையணுக்களின் விகிதம் பார்க்கும் சோதனை. மற்ற வங்கிகள் ஏற்கவில்லை. முடியாத காரியம் என்று எவரும் சொல்ல முடியாது, பக்கத்திலேயே ஒருவர் செய்துகொண்டிருந்தார்.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். படத்தையே நான் இதை வைத்துத்தான் புரிந்துகொள்கிறேன். எச்ஐவி உடம்பில் ஏறிய பிறகு, மருந்தில்லாத காலத்தில், எய்ட்ஸாக முற்றுவதற்குச் சராசரியாகப் பத்து வருடம் ஆகும். படம் நெடுக ஃபிரான்சிஸ் ஒரு பலகையில் நோயாளிகள், இறந்தவர்கள் எண்ணிக்கையை அழித்து அழித்து எழுதிக்கொண்டே போவார், ஞாபகம் இருக்கும். 1983இல் அந்தப் பலகையில் ஏறியவர்கள் பெரும்பாலும் சில வருடம் முன்பே தொற்று வாங்கியவர்கள். அன்றைய தினம் தொற்று வாங்கிக்கொண்டிருந்தவர்கள் எந்தப் பலகையிலும் கிடையாது. நன்றாகச் சாப்பிட்டு, வேலைக்குப் போய், ஞாயிற்றுக்கிழமை ரத்தமும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அட்லாண்டா கூட்டத்தில் ரத்தம் வழியாக வந்ததற்கு எத்தனை கேஸ் காட்ட முடிந்தது? ஹீமோபிலியாக்காரர்களில் விரல்விட்டு எண்ணும் சிலர். அப்புறம் சான் ஃபிரான்சிஸ்கோவில் ஒரு கைக்குழந்தை. பிறந்தவுடன் பல தடவை ரத்தம் ஏற்றப்பட்ட குழந்தை, மொத்தம் 19 பேரின் ரத்தம். கொடுத்த ஒருவரைத் தேடிப் பார்த்தால் அவர் எய்ட்ஸில் இறந்திருந்தார். ரத்தம் கொடுத்த அன்று அவருக்கு ஒன்றுமில்லை, சில மாதம் கழித்துத்தான் விழுந்தார். 1982 டிசம்பரிலேயே சிடிசி இதை அச்சில் போட்டுவிட்டது. அந்த ஒரு கேஸை ஃபிரான்சிஸ் ஒரு மாதிரி வாசித்தார், ரத்த வங்கிகள் வேறு மாதிரி வாசித்தன. இவ்வளவுதானே என்றார்கள் அவர்கள். இப்போதே ஒன்று தெரிகிறதென்றால் உள்ளே எவ்வளவு இருக்கும் என்றார் இவர். ஆதாரம் கேட்டது தப்பில்லை. இந்த நோயில் ஆதாரம் என்பது பல வருடம் கழித்து வரும் பிணம், அதுவரை காத்திருக்கிறேன் என்று சொல்வது எப்பேர்ப்பட்ட வார்த்தை என்பது அந்த மேசையில் பலருக்கு உறைக்கவில்லை. அமெரிக்க ஹீமோபிலியா நோயாளிகளில் பாதிப்பேர் அளவுக்குத் தொற்று ஏறியிருந்தது பிற்பாடு தெரிந்தது.

இதை வைத்துக்கொண்டு உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். உங்கள் சீனியரிடம் சொல்லுங்கள், அந்தக் கதை செத்து வருடக்கணக்காகிறது.

நீங்கள் சொன்ன அந்தப் பணியாளர், கேட்டான் டூகா, ஏர் கனடாவில் வேலை பார்த்தவர். சிடிசி ஆட்கள், யார் யாரோடு உறவு வைத்திருந்தார்கள் என்று 40 நோயாளிகளைக் கோடு போட்டு இணைத்து ஒரு வரைபடம் தயாரித்தார்கள். அதில் நடுவில் வந்து உட்கார்ந்தவர் டூகா. ஏன் நடுவில் வந்தார்? மற்றவர்கள் பலருக்குச் சில பெயர்களுக்கு மேல் ஞாபகமில்லை, இவர் 72 பேரின் பெயரைக் கொடுத்தார். ஒத்துழைத்ததற்குக் கிடைத்த பரிசு அது. கலிஃபோர்னியாவுக்கு வெளியே உள்ளவர் என்பதற்காக அவருக்கு ‘ஓ’ என்ற எழுத்தைப் போட்டிருந்தார்கள், அதுவே கைமாறிக் கைமாறிப் பூஜ்யமாகிவிட்டது. 1987இல் ஷில்ட்ஸின் புத்தகம் வந்தபோது பதிப்பாளர்கள் இதைத்தான் தூக்கிப் பிடித்து விற்றார்கள். நியூயார்க் போஸ்ட் பத்திரிகை, நமக்கு எய்ட்ஸைக் கொடுத்தவன் என்று கொட்டை எழுத்தில் தலைப்பு வைத்தது. டூகா பதில் சொல்ல உயிரோடு இல்லை, 1984 மார்ச்சில் இறந்துவிட்டார்.

அந்த வரைபடத்தின் கணக்கைக் கவனியுங்கள். உறவுக்கும் நோய்க்குறி தெரிவதற்கும் நடுவே சராசரியாகப் பத்தரை மாதம் என்று வைத்துக் கோடு போட்டிருக்கிறார்கள். மாதம்! உண்மையில் அது வருடக்கணக்கு. ஆகவே போன வருடம் டூகாவோடு இருந்தார், இந்த வருடம் நோய் வந்தது என்று போட்ட கோடுகளில் அவரிடமிருந்துதான் வந்தது என்று நிரூபிக்கும் கோடு அனேகமாக ஒன்றுகூட இல்லை. அவரைச் சந்திப்பதற்கு முன்பே அவர்கள் தொற்று வாங்கியிருக்கக்கூடும். 2016இல் மைக்கேல் வொரோபி என்ற ஆராய்ச்சியாளரின் குழு, 1978-79இல் ஹெபடைட்டிஸ் பி ஆய்வுக்காக எடுத்துப் பத்திரமாக வைத்திருந்த பழைய ரத்த சாம்பிள்களிலிருந்து வைரஸின் மரபணுவைப் பிரித்துப் பார்த்தது. வைரஸ் கரீபியன் தீவுகளிலிருந்து 1970 வாக்கில் நியூயார்க்குக்கு வந்திருக்கிறது. டூகாவின் உடம்பில் இருந்த வைரஸ் அந்த வம்சத்தில் எங்கோ நடுவில் ஒரு கிளை. ஆயிரம் பேரில் அவரும் ஒருவர்.

படத்தின் பெரிய சறுக்கல் இதுதான். ரத்த வங்கிக் காட்சியில், கண்ணுக்குத் தெரியாத வருடங்களைக் கணக்கில் எடு என்று ஃபிரான்சிஸ் வாயால் கத்த வைக்கிறார்கள். டூகா விஷயத்தில் அதே வருடங்களை மறந்துவிடுகிறார்கள். அவரைக் கொடியவராகக் காட்டவில்லை, அது உண்மை. ஜெஃப்ரி நார்ட்லிங் அழகாக, கொஞ்சம் பரிதாபமாகக்கூடச் செய்திருக்கிறார். ஆனால் கூட்டம் கூட்டமாக ஆட்கள் உட்கார்ந்து பேசும் படத்துக்கு ஒரு முகம் தேவைப்பட்டிருக்கிறது, கிடைத்த முகம் அவருடையது.

ஷில்ட்ஸை இதற்காக வையவும் மனம் வரவில்லை. தினசரிப் பத்திரிகையில் முழுநேரமாக இந்த ஒரு நோயைப் பற்றியே எழுதியவர். எழுத்தில் சாய்வு வந்துவிடும் என்று தன் சொந்த எச்ஐவி முடிவைப் புத்தகம் முடியும்வரை கேட்டுக்கொள்ளாமலே இருந்தார். பாசிட்டிவ். படம் ஒளிபரப்பான அடுத்த வருடம், 1994 பிப்ரவரியில் இறந்தார்.

காலோவைப் பற்றிச் சுருக்கமாக. ஆலன் ஆல்டாவின் நடிப்பு அபாரம், அதனாலேயே ஆள் இருப்பதைவிடக் கெட்டவராகத் தெரிகிறார். பாஸ்டர்காரர்கள்தான் முதலில் பார்த்தார்கள், காலோ தன்னுடையது என்று அறிவித்த வைரஸும் அவர்களுடையதும் ஒன்றே என்று பிறகு தெளிவாகிவிட்டது. சண்டை எவ்வளவு முற்றியது என்றால், 1987இல் அமெரிக்க அதிபர் ரீகனும் பிரெஞ்சுப் பிரதமர் ஷிராக்கும் சேர்ந்து உடன்பாடு அறிவிக்கும் அளவுக்கு. 2008இல் நோபல் பாஸ்டரின் பாரே-சினூசிக்கும் மோன்தான்யேவுக்கும் போனது, காலோவுக்கு இல்லை. ஆனால் எச்ஐவி சேர்ந்த ரெட்ரோவைரஸ் என்ற வகை மனிதனிலும் உண்டு என்று முதலில் காட்டியது அவர் ஆய்வகம். டி செல் என்ற வெள்ளையணுவைக் குடுவையில் வளர்க்கும் வித்தையும் அங்கிருந்து வந்ததுதான், அது இல்லாவிட்டால் பாரிஸிலும் ஒன்றும் நடந்திருக்காது. வைரஸை ஏராளமாக வளர்த்துச் சோதனைக்கு வழி செய்ததிலும் அவருக்குப் பங்கு உண்டு. படம் இதைத் தொட்டும் தொடாமலும் போகிறது.

நீங்கள் கேட்காவிட்டாலும் ஒன்று சொல்கிறேன், உங்கள் தொழில் என்பதால். அந்த எலைசா நம்மூருக்கு வந்து சேர்ந்த கதை இதைவிடப் பெரிய படம். சென்னை மருத்துவக் கல்லூரியில் சுனிதி சாலமன் தன் மாணவி நிர்மலாவிடம் பாலியல் தொழிலாளர்களின் ரத்தத்தைச் சோதித்துப் பார் என்றார். இந்தியாவில் அதெல்லாம் கிடையாது என்று எல்லோரும் நம்பிய நேரம். நிர்மலாவைக் கணவர் ஸ்கூட்டரில் அழைத்துப் போவார். காப்பகத்தில் இருந்த பெண்களிடம் கையுறைகூட இல்லாமல் எடுத்த ரத்தம், வீட்டு ஃபிரிட்ஜில் இருந்தது. சென்னையில் சோதிக்க வசதியில்லை, வேலூர் சிஎம்சிக்கு ராத்திரி ரயிலில் கொண்டுபோனார்கள். 1986 பிப்ரவரியில் ஆறு சாம்பிள் மஞ்சளாக மாறின, அதாவது பாசிட்டிவ். அப்புறம் நம்மவர்கள் செய்தது என்ன? பாசிட்டிவ் என்று தெரிந்த பெண்களை வெளியே விடாமல் காப்பகத்திலேயே அடைத்து வைத்தார்கள், வழக்குப் போட்ட பிறகுதான் விட்டார்கள். இங்கேயும் ஒரு முகம் தேவைப்பட்டது, அவ்வளவுதான்.

புத்தகம் வாசியுங்கள். 600 பக்கம், பயப்பட வேண்டாம், நாவல்போல ஓடும். படத்தில் அரைகுறையாக வரும் சான் ஃபிரான்சிஸ்கோ சுகாதாரத் துறை டாக்டர் செல்மா டிரிட்ஸ், தன்பாலீர்ப்பு உரிமைப் போராளி பில் கிரவுஸ் இருவரும் அதில் முழு மனிதர்கள். தன்பாலீர்ப்பு ஆண்கள் உறவுக்காகக் கூடிய பொதுக் குளியல் விடுதிகளை மூடுவது பற்றி சான் ஃபிரான்சிஸ்கோவில் நடந்த சண்டைக்கும் அங்கேதான் சரியான விவரம் கிடைக்கும், படம் அதில் அவசரப்படுகிறது. டூகா வரும் பக்கங்களை மட்டும் அப்படியே நம்பாதீர்கள். அதற்கு ரிச்சர்ட் மெக்கே 2017இல் எழுதிய நூல் இருக்கிறது, ‘பேஷண்ட் ஸீரோ அண்ட் த மேக்கிங் ஆஃப் தி எய்ட்ஸ் எபிடெமிக்’. முடித்துவிட்டு உங்கள் சீனியரிடம் கொடுத்துவிடுங்கள்.