இரண்டு நாள் காட்டுநடை: வாசகர் கேள்விகள்

கேள்வி: சனி, ஞாயிறு இரண்டு நாளில் கரடுமுரடான காட்டுப் பாதையில் 24 கி.மீ. நடக்கத் திட்டம். மொத்த ஏற்றம் 1,200 மீட்டர். மணிக்கு 4 கி.மீ. என்று வைத்தால் நாளுக்கு மூன்று மணி நேரம் போதும்தானே?

பதில்: போதாது. அது தார்ச்சாலைக் கணக்கு. ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892-இல் சொன்ன கணக்கு இன்றும் கைகொடுக்கிறது: 5 கி.மீ.க்கு ஒரு மணி, ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் கூடுதலாக ஒரு மணி. உங்களுக்கு இரண்டு நாளுக்கும் சேர்த்து ஏறக்குறைய 7 மணி வரும். அதுவும் நல்ல பாதையில், ஓய்வே இல்லாமல். பாறையும் புதரும் முதுகுச் சுமையும் இருப்பதால் பாதியைக் கூட்டி 10 அல்லது 11 மணி என்று வையுங்கள். இறக்கத்தில் நேரம் மிச்சமாகும் என்று நம்ப வேண்டாம். செங்குத்தான சரளை இறக்கம் சமதளத்தைவிட மெதுவாகவே போகும். ஏற்றம் மிகுந்த நாளில் விடிந்ததும் கிளம்பிவிடுங்கள். இத்தனை மணிக்குள் இன்ன இடம் வராவிட்டால் திரும்புவது என்று வீட்டிலேயே முடிவெடுங்கள். மலை மேல் நின்றுகொண்டு எடுக்கும் முடிவில் ஆசைதான் பேசும்.

கேள்வி: என் எடை 62 கிலோ, பை 16 கிலோ. ஒரு மணி நேரத்திலேயே தோள் கழன்றுவிடும்போல் வலிக்கிறது. பையை மாற்றலாமா?

பதில்: முதலில் எடையைக் குறையுங்கள். உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 12 கிலோவைச் சுற்றி இருந்தால் நல்லது. ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று திணித்த துணிகள்தாம் பெரும்பாலும் குற்றவாளி. அடுத்தது அடுக்கும் முறை. இரவில் தூங்கும் பை (ஸ்லீப்பிங் பேக்) அடியில்; உணவு, அடுப்பு, தண்ணீர் போன்ற கனமானவை நடுவில், முதுகெலும்பை ஒட்டி. கனம் வெளிப்பக்கம் போனால் பை பின்னுக்கு இழுக்கும், நீங்கள் முன்னால் குனிவீர்கள், பட்டை தோளை அறுக்கும்.

மாட்டும்போது எல்லாப் பட்டைகளையும் தளர்த்திவிட்டுத் தொடங்குங்கள். இடுப்புப் பட்டை வயிற்றில் அல்ல, இடுப்பெலும்பின் மேல்விளிம்பில் உட்கார வேண்டும். அதை முதலில் இறுக்குங்கள். பிறகு தோள்பட்டை, தோளைத் தொடும் அளவுக்கு மட்டும். மார்புப் பட்டை கடைசி. தோள்பட்டைக்கு அடியில் ஒரு விரல் எளிதாக நுழைந்தால் பாரம் இடுப்புக்கு இறங்கிவிட்டது என்று பொருள். இவ்வளவும் செய்து வலித்தால், பை உங்கள் முதுகு நீளத்துக்குப் பொருந்தவில்லை, அப்போது மாற்றுங்கள்.

கேள்வி: இரண்டாம் நாள் குதிகாலில் கொப்புளம் வந்துவிடுகிறது.

பதில்: கொப்புளம் முதல் நாளே தொடங்கிவிடுகிறது. ஈரமும் உரசலும் சேர்ந்தால் போதும். ஓரிடம் சூடாக உறுத்தினால் அடுத்த ஓய்வுவரை காத்திராமல் அங்கேயே உட்கார்ந்து, காலைத் துடைத்து உலர்த்தி, சுருக்கமில்லாமல் பிளாஸ்டர் ஒட்டுங்கள். அதன் மூலைகளை வட்டமாக வெட்டினால் உரியாது. பருத்திக் காலுறை ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்; கம்பளி அல்லது செயற்கை இழையே நல்லது.

கேள்வி: ஓடை குறுக்கிட்டால்?

பதில்: வேகமான நீர் முழங்காலுக்கு மேல் வந்தால் இறங்காதீர்கள். அதற்குக் குறைவென்றாலும் காலணியைக் கழற்ற வேண்டாம். இடுப்பு, மார்புப் பட்டைகளை மட்டும் கழற்றிவிடுங்கள். விழுந்தால் பையை உதறிவிட்டு எழ முடியும். ஓட்டத்தை எதிர்நோக்கி நின்று, கோலை ஊன்றி, பக்கவாட்டில் அடி வையுங்கள். அந்த நீரைக் குடிப்பதானால், கலங்கலைத் துணியில் வடிகட்டித் தளதளவென்று ஒரு நிமிடம் கொதிக்க விடுங்கள். 2,000 மீட்டர் உயரத்துக்கு மேல் மூன்று நிமிடம்.