அந்த அழைப்பு மணி

கேள்வி: தஸ்தயேவ்ஸ்கியின் 'குற்றமும் தண்டனையும்' நாவலில் போலீஸிடம் உறுதியான ஆதாரமே இல்லை. அப்புறம் அடகுக்கடைக் கிழவியைக் கொன்ற ரஸ்கோல்னிகோவ் ஏன் அப்படி நடுங்குகிறான்?

பதில்: ஆதாரம் போலீஸுக்குத்தானே வேண்டும்? கொலைக்கு மறுநாளே காவல் நிலையத்திலிருந்து அழைப்பு. விஷயம் என்னவோ வீட்டுக்காரம்மாவுக்குத் தர வேண்டிய கடன்தான். ஆனால் அங்கே கொலைப் பேச்சு காதில் விழுந்ததும் மயங்கிச் சரிகிறான். திருடிய பணப்பையைத் திறந்துகூடப் பார்க்காமல் ஒரு கல்லுக்கடியில் மறைக்கிறான்.

கல்லூரி நாளில் துப்பறியும் கதை என்று நம்பி இதை எடுத்தேன். கொலைகாரன் யாரென்று முதலிலேயே தெரிந்துவிட, எரிச்சலாக இருந்தது. எரிச்சல் போனது அந்த மணியால். கிழவியின் வீட்டுக்கே திரும்பிப் போய், அழைப்பு மணியை மூன்று முறை இழுத்துக் கேட்கிறான். வேலையாட்களிடம் தரையைக் கழுவிவிட்டார்களா, ரத்தம் இல்லையா என்று வேறு விசாரிக்கிறான். பிடிபடப் பயந்தவன் செய்கிற காரியமா, சொல்லுங்கள்?