இந்தியப் பெருங்கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவான ரீயூனியனில் எல்பூர் மலைக்கிராமத்தைச் சுற்றி ஓடுவதற்கு எந்தப் பாதைகள் நன்றாக இருக்கும்?

கேட்டவர் புதுச்சேரிக்காரர். ஜூலையில் சேன்தாந்த்ரேயில் இருக்கும் சித்தி வீட்டுக்கு வருகிறாராம். அங்கிருந்து மேலே எல்பூருக்குப் போய் நான்கு நாள் தங்கி, தினம் 15 கிலோமீட்டர் ஓட வேண்டுமாம். ஆரோவில் செம்மண் பாதையில் அரை மாரத்தான் முடித்தவர். நான் காரைக்காலில் பிறந்தவன், பன்னிரண்டு வருடமாக அவர் சித்தி இருக்கும் அதே ஊர்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் இங்கே தமிழ் பேசுகிற மூன்று பேர் சேர்ந்து எல்பூர் இருக்கும் சலாசி மலைக்கு ஓடப் போவோம். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

முதலில் அந்தப் 15 கிலோமீட்டரை மறந்துவிடுங்கள். இங்கே மலையில் ஓடுகிறவர்கள் தூரத்தைக் கேட்பதற்கு முன்னால் "தெனிவ்லே எவ்வளவு?" என்றுதான் கேட்பார்கள். மொத்தம் எத்தனை மீட்டர் உயரம் ஏற வேண்டும் என்று அர்த்தம். சமவெளியில் ஐந்து கிலோமீட்டரை அரை மணியில் ஓடுகிறவர் இங்கே அதே தூரத்துக்கு ஒன்றரை மணி நேரம் எடுத்துக்கொண்டால் வெட்கப்பட ஒன்றுமில்லை. வெள்ளியங்கிரி ஏறியிருக்கிறீர்களா? அந்த முதல் மலையின் படிகளை நினைத்துக்கொள்ளுங்கள். அதையே கொஞ்சம் குறுக்கி, சேறு பூசி, நடுநடுவே மர வேரைப் போட்டால் எங்கள் பாதை. ஏற்றத்தில் எல்லோரும் முழங்காலில் கை ஊன்றி நடப்பவர்கள்தான். ஓட்டம் என்பது மேடு சமனாகிற இடத்தில் கிடைக்கிற போனஸ்.

எல்பூரை Hell-Bourg என்று எழுதுவார்கள். பெயரைப் பார்த்துப் பயப்படாதீர்கள், நரகத்துக்கும் இந்த ஊருக்கும் சம்பந்தமில்லை. தே எல் என்ற கடற்படைத் தளபதி இந்தத் தீவுக்கு ஆளுநராக இருந்தார், அவர் பெயரை வைத்துவிட்டார்கள். ஊர் சுமார் 930 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஒரு காலத்தில் வெந்நீர் ஊற்றில் குளிக்க வருகிறவர்களுக்கான ஊர். 1948 புயலுக்குப் பிறகு ஊற்று போய்விட்டது, இடிந்த குளியலறைகள் மட்டும் கீழே ஆற்றோரம் நிற்கின்றன. வந்து சேர்ந்த மாலை காலை உதறிக்கொள்ள அதுவரை மெதுவாகப் போய்வரலாம். போகிற வழியில் பந்தல் பந்தலாகச் சௌசௌ தொங்கும். ஆமாம், நம் வீட்டுக் கூட்டுக்குப் போடும் அதே சௌசௌதான். இங்கே ஷூஷூ என்கிறார்கள்.

அடுத்த நாள் ஊருக்கு மேலே இருக்கும் பெலூவ் காடு. நான்கு நாளில் ஒரே ஒரு பாதைதான் என்றால் நான் இதைத்தான் சொல்வேன், ஏனென்றால் வாசலிலிருந்தே ஓட்டம் தொடங்குகிறது, காரே வேண்டாம். ஊரின் மேல் முனையில் வெள்ளை-சிவப்புக் கோடு போட்ட அடையாளத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். அதுதான் பித்தோன் தே நேஜ் மலையைச் சுற்றி வரும் ஜி.ஆர். ஆர்1 நெடும்பாதை. சுவர் போல நிற்கிற மலைமுகத்தில் வளைந்து வளைந்து 550 மீட்டருக்கு மேல் ஏறி விளிம்பைத் தொடுகிறது. மேலே ஒரு ஜீத், அதாவது மலையேறுபவர்கள் தங்கும் விடுதி. அதன் முன்னால் நின்று பார்த்தால் எல்பூர் தீப்பெட்டி தீப்பெட்டியாகக் காலடியில் கிடக்கும்.

இந்த ஏற்றத்தில் கவனிக்க வேண்டியது படிகள். மண் சரியாமல் இருக்கக் குறுக்கே மரக்கட்டை போட்டு, இரண்டு பக்கமும் இரும்புக் கம்பி அடித்து நிறுத்தியிருப்பார்கள். கட்டை உளுத்துப்போன இடத்தில் கம்பி மட்டும் விரல் நீளத்துக்கு நீட்டிக்கொண்டிருக்கும். ஏறும்போது கண்ணில் படும், இறங்கும்போது படாது. மூன்று வருடத்துக்கு முன் பிற்பகல் தூறலில் இறங்கி வந்தபோது என் வலது ஷூ அப்படி ஒன்றில் மாட்டியது. கையை ஊன்றினேன். மணிக்கட்டு விட்டுப்போய் ஆறு வாரம் கட்டு. மாமா வந்து பார்த்துவிட்டு, "ஏம்ப்பா, படிக்கட்டுல ஓடணும்னா நம்ம வீட்டு மாடிப்படி பத்தாதா?" என்றார். அப்புறம் தினம் சாதம் பிசைந்து ஊட்டியதும் அவர்தான். அதிலிருந்து பெலூவ் இறக்கத்தில் மழை பிடித்தால் நான் ஓடுவதில்லை, பக்கவாட்டில் கால் வைத்து நடந்தே இறங்குகிறேன்.

மேலே போனதும் திரும்பிவிடாதீர்கள். விளிம்புக்கு அந்தப் பக்கம் வேறு உலகம்: மேடுபள்ளம் குறைந்த ஈரக் காடு, ஆளுயரத்துக்கும் மேலே பெரணி மரங்கள், பாசி தொங்கும் தமரேன் மரங்கள். பெயரைக் கேட்டு முதலில் நானும் புளியமரம் என்றுதான் தேடினேன். புளி இல்லை, நம் வேல மரத்தின் உறவு, உலகத்தில் இந்தத் தீவில் மட்டும் இயற்கையாக வளர்வது. இந்தக் காட்டுக்குள் த்ரூ த ஃபேர் என்ற பள்ளத்தின் பார்வை மேடைக்கு ஒரு பாதை போகிறது. நடப்பவர்களுக்குப் போக வர மூன்று மணி நேரம். இதில்தான் உண்மையாகவே ஓடலாம். சில இடத்தில் பலகை போட்டிருக்கிறார்கள், மற்ற இடங்களில் கணுக்கால் வரை சேறு. மேடையில் நின்றால் எதிர்ப் பாறையிலிருந்து அருவிகள் ஒரே குழிக்குள் விழுவது தெரியும். ஒன்பது மணிக்கு முன் போய்ச் சேர்ந்தால் தெரியும் என்று திருத்திக்கொள்கிறேன். அதன் பிறகு மேகம் ஏறிவிட்டால் சத்தம் மட்டும்தான்.

மேகம் இங்கே விதிவிலக்கல்ல. கிழக்கிலிருந்து வருகிற கடல் காற்று நேராகச் சலாசிப் பள்ளத்தாக்கில் வந்து முட்டுகிறது, அதனால்தான் மூன்று பெரிய பள்ளத்தாக்குகளில் இது மிகவும் நனைந்தது. ஜூலை வறண்ட காலம் என்று புத்தகத்தில் போட்டிருக்கும். சரி, மார்ச்சை விட வறண்டது, அவ்வளவுதான். ஜூலையில் சூரியன் உதிக்கவே ஏழு மணி நெருங்கும், ஆறுக்கு முன்னால் இருட்டிவிடும். எனவே தலைவிளக்கு போட்டுக்கொண்டு ஐந்தரைக்கே கிளம்புங்கள், மதியத்துக்குள் கீழே இருங்கள்.

மூன்றாம் நாள் மஃபாத், சலாசிக்குப் பக்கத்துப் பெரிய பள்ளத்தாக்கு. இதற்குக் கார் வேண்டும். க்ரான் இலெத் வழியாகக் கோல் தே பெஃப் கணவாய்க்குக் கீழே உள்ள வாகன நிறுத்தம் வரை ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். மஃபாத்துக்குள் சாலையே கிடையாது. அரிசி மூட்டை முதல் கேஸ் சிலிண்டர் வரை ஹெலிகாப்டரில்தான் இறங்குகிறது, மனிதர்கள் பெரும்பாலும் நடந்துதான் போகிறார்கள். கணவாயிலிருந்து லா நூவெல் கிராமத்துக்கு 500 மீட்டர் போல இறக்கம், நடுவில் தமரேன் சமவெளி. மாடுகள் மேயும் அந்தப் புல்வெளியில் கால் தானாகவே ஓடும். லா நூவெலில் ரொட்டிக் கடை உண்டு. வாங்கிச் சாப்பிட்டுவிட்டு ஏறுங்கள், ஏனென்றால் திரும்பி வருகிற அதே 500 மீட்டர்தான் அன்றைய வேலை.

காப் ஆங்லே என்ற ஏற்றப் பாதை வழியாகப் பித்தோன் தே நேஜுக்கு ஓடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். 3,070 மீட்டர் சிகரம், எல்பூரிலிருந்து இரண்டாயிரம் மீட்டருக்கும் மேலே தெனிவ்லே. ஒரே நாளில் ஏறி இறங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அக்டோபரில் தியகோனால் தே ஃபூ பந்தயத்துக்கு, அதாவது தீவைக் குறுக்கே 160 கிலோமீட்டருக்கு மேல் 66 மணி நேரத்துக்குள் கடக்கிறவர்களுக்கு, இது பயிற்சி. உங்களுக்கு இந்தத் தடவை வேண்டாம். பித்தோன் தாங்ஷேனும் அப்படித்தான், உயரம் 1,356 மீட்டர்தானே என்று தோன்றும், ஆனால் செங்குத்து. தப்பியோடிய அடிமை அங்ஷேன் மனைவியோடு ஒளிந்து வாழ்ந்ததாகச் சொல்லப்படும் மலை அது. பிடிக்க வந்தவர்கள் ஏன் திணறினார்கள் என்பது பாதி ஏற்றத்தில் புரியும்.

கிளம்புவதற்கு முதல் நாள் இரவு ஓ.என்.எஃப். என்கிற வனத்துறையின் பாதை நிலவரத்தைப் பாருங்கள். கரான்ஸ் புயல் 2025 பிப்ரவரி 28 அன்று அடித்த பிறகு பல பாதைகள் மூடிக் கிடந்தன. மூடிய பாதையின் பலகையைத் தாண்டிப் போகிற வேலை வேண்டாம், அபராதமும் உண்டு. மொபைல் சிக்னலை நம்பாமல் ஐ.ஜி.என். என்கிற பிரெஞ்சு நில அளவை நிறுவனத்தின் வரைபடம் 4402 ஆர்.டி. ஒன்று வாங்கிப் பையில் வையுங்கள். அவசர எண் 112. ஆற்றுத் தண்ணீரைக் குடிக்காதீர்கள், எலிக்காய்ச்சல் இங்கே இருக்கிறது. நல்ல செய்தி, விஷப் பாம்பு கிடையாது.

தின்பதற்கு ஜெல் எல்லாம் தூக்கி வர வேண்டாம். சேன்தாந்த்ரேயில் பஸ் ஏறும் முன் பொன்போன் பிமான் ஒரு பொட்டலம் வாங்குங்கள். பருப்புக்குப் பதில் வெள்ளை அவரைக்கொட்டையை அரைத்துப் பொரித்த நம் மசால் வடைதான். உப்பும் காரமும் பெலூவ் உச்சியில் என்ன வேலை செய்கிறது என்று வந்தபின் எழுதுங்கள். சித்தியிடம் சொன்னால் வீட்டிலேயே சுட்டுத் தருவார், கடையில் கொஞ்சம் எண்ணெய் ஜாஸ்தி.