கலாபகஸ் போகிறீர்களா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஈக்வடார் கரையிலிருந்து மேற்கே ஏறக்குறைய 1,000 கி.மீ. தள்ளி, பசிபிக் நடுவில் கிடக்கும் எரிமலைத் தீவுக்கூட்டம் கலாபகஸ். குழந்தைகளோடு அங்கே கப்பலில் சுற்றிவர நினைப்பவர்கள் அனுப்பிய கேள்விகளில், பலரும் கேட்டவற்றுக்கு இங்கே பதில்.

நாலு நாள், ஐந்து நாள், எட்டு நாள் என்று ஏஜென்ட் மூன்று விலை சொல்கிறார். எதை எடுப்பது? பெரிய கப்பலா, சின்னக் கப்பலா?
- க. ரா., கோவை

நாள் கணக்கைப் பார்க்காதீர்கள், இரவுக் கணக்கைப் பாருங்கள். முதல் நாள் விமானத்திலிருந்து இறங்கிக் கப்பலேறவே மதியமாகிவிடும். கடைசி நாள் காலையிலேயே விமான நிலையத்தில் விட்டுவிடுவார்கள். அதனால் "நாலு நாள்" என்பதில் முழுதாகக் கிடைப்பது இரண்டே நாள். சென்னையிலிருந்து போய்வரும் தூரத்துக்கு அது கட்டுப்படியாகாது. எட்டு நாள் (ஏழு இரவு) முடியாவிட்டால் குறைந்தது ஐந்து இரவாவது பாருங்கள்.

கப்பலைவிட வழித்தடம் முக்கியம். ஒவ்வொரு கப்பலும் எந்த இடத்துக்கு எந்த வேளை போக வேண்டும் என்பதைத் தேசியப் பூங்கா நிர்வாகம்தான் தீர்மானிக்கிறது. ஒரே கப்பல் ஒரே இடத்துக்கு 14 நாட்களுக்குள் திரும்ப வரக்கூடாது என்பது விதி. எனவே எந்தக் கப்பலும் ஒரு வாரத்தில் எல்லாத் தீவையும் காட்டிவிடாது. இசபெலா, பெர்னாண்டினா பக்கம் போவது மேற்குச் சுற்று. எஸ்பன்யோலா, சான் கிறிஸ்டோபல் பக்கம் போவது தென்கிழக்குச் சுற்று. தீவுகளுக்கு அடியிலுள்ள எரிமலை ஊற்று அசையாமல் இருக்க, மேலிருக்கும் நாஸ்கா என்ற நிலத்தட்டு கிழக்கு நோக்கி நகர்கிறது. அதனால் கிழக்குத் தீவுகள் வயதானவை, தேய்ந்தவை. மேற்கே கறுத்த புது எரிமலைக்குழம்புப் பாறை. பறக்க மறந்த நீர்க்காகம் பெர்னாண்டினாவிலும் இசபெலாவிலும் மட்டும்தான் வாழ்கிறது. பெங்குவின்களில் பெரும்பாலானவையும் அங்கேதான். ஏழு இரவு கிடைத்தால் எங்கள் ஓட்டு மேற்குக்கு. அல்பட்ராஸ் என்ற பெரிய கடற்பறவையைப் பார்க்கும் ஆசை இருந்தால் மட்டும் தென்கிழக்கு.

அளவு விஷயத்தில், 100 பேருக்கு மேல் ஏற்றும் கப்பலுக்கு அங்கே அனுமதியே இல்லை. பெரும்பாலானவை 16 பேர் போகும் சின்னக் கப்பல்கள். ஒரு வழிகாட்டிக்கு 16 பேர் என்பதும் விதிதான். 16 பேர் கப்பலில் உங்கள் பிள்ளைகள் மட்டுமே குழந்தைகளாக இருந்தால் மூன்றாம் நாளே அலுத்துப்போவார்கள். அதனால் "குடும்பப் பயணம்" என்று குறித்திருக்கும் தேதிகளைக் கேட்டு வாங்குங்கள். ஆறு வயதுக்குக் கீழ் உள்ளவர்களைப் பல கப்பல்கள் ஏற்பதில்லை. பணம் கட்டும் முன் எழுத்தில் உறுதி வாங்கிவிடுங்கள்.

ஏப்ரல், மே பள்ளி விடுமுறையில் போனால் சரிவருமா?
- செ. வ., மதுரை

மிகப் பொருத்தம். ஜனவரி முதல் மே வரை அங்கே வெப்பப் பருவம். கடல் அமைதி, தண்ணீர் சுமார் 24 டிகிரிக்கு மேல், அவ்வப்போது ஒரு மழை. எஸ்பன்யோலாவுக்கு அல்பட்ராஸ் வந்து சேருவதும் ஏப்ரலில்தான். ஜூனுக்குப் பிறகு தெற்கிலிருந்து குளிர்ந்த ஹம்போல்ட் நீரோட்டம் ஓங்கும், வானம் மூடும், தூறல் விழும். ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை கடல் கொந்தளிப்பு அதிகம். சின்னப் பிள்ளைகளோடு அந்த மூன்று மாதத்தைத் தவிர்ப்பது நல்லது.

ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். மேற்குச் சுற்றில் ஏப்ரலிலும் தண்ணீர் குளிரும். ஆழத்தில் வரும் கிராம்வெல் நீரோட்டம் இசபெலாவின் மேற்குக் கரையில் முட்டி மேலெழுவதுதான் காரணம். நிலநடுக்கோட்டில் பெங்குவின் பிழைப்பதும் அந்தக் குளிரால்தான்.

விசா, கட்டணம், ஊசி: என்னென்ன முன்கூட்டியே செய்ய வேண்டும்?
- ஜெ. பா., சென்னை

இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு ஈக்வடார் விசா வேண்டும். அமெரிக்கா வழியாக விமானம் மாறினால், நிலையத்தை விட்டு வெளியே வராவிட்டாலும் அமெரிக்க விசா வேண்டும். டிக்கெட் மலிவாக இருக்கிறதே என்று இதில்தான் பலர் மாட்டுகிறார்கள்.

அடுத்தது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. கலாபகஸில் அந்த நோய் இல்லை. ஆனால் இந்திய அரசின் மஞ்சள் காய்ச்சல் நாடுகள் பட்டியலில் ஈக்வடார் இருக்கிறது. சான்றிதழ் இல்லாமல் திரும்பி வந்து இறங்கினால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தலாம். ஊசி போட்ட பத்தாவது நாளிலிருந்துதான் சான்றிதழ் செல்லும். அதன்பின் ஆயுளுக்கும் போதும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள், பாஸ்போர்ட் கையில் வேண்டும். 60 வயதைத் தாண்டியவர்களும், முட்டை ஒவ்வாமை உள்ளவர்களும், ஒன்பது மாதத்துக்குக் குறைந்த குழந்தைகளின் பெற்றோரும் முதலில் டாக்டரிடம் பேச வேண்டும்.

பூங்கா நுழைவுக் கட்டணம் 2024 ஆகஸ்ட் 1 முதல் இரண்டு மடங்காகிவிட்டது: வெளிநாட்டுப் பெரியவருக்கு 200 டாலர், 12 வயதுக்குக் குறைந்தவருக்கு 100. இதுபோக ஆளுக்கு 20 டாலர் பயண அட்டை. பெரியவர் இருவர், பிள்ளைகள் இருவர் என்றால் 680 டாலர். ரொக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். ஈக்வடாரில் புழங்கும் பணமே அமெரிக்க டாலர்தான். ஆனால் கடைகளில் 50, 100 டாலர் நோட்டை வாங்கத் தயங்குவார்கள், சில்லறை நோட்டுகளாகவும் எடுத்துப் போங்கள்.

தீவுகளுக்கு விமானம் கீட்டோ, குவயாகில் இரண்டு ஊரிலிருந்து மட்டுமே. கீட்டோ 2,850 மீட்டர் உயரம், ஊட்டியைவிட மேலே. வந்திறங்கிய இரவே பிள்ளைகளுக்குத் தலைவலி, வாந்தி வரலாம். குவயாகில் கடல்மட்டம். சுற்றிப் பார்க்கும் எண்ணம் இல்லையென்றால் குவயாகிலில், விமான நிலையத்தை ஒட்டியே ஒரு இரவு தங்குங்கள். கப்பல் யாருக்காகவும் காத்திருக்காது, ஆகவே முந்தின நாளே அங்கே இருப்பது கட்டாயம்.

விமான நிலையத்தில் வரிசை இதுதான்: முதலில் பயண அட்டை, பிறகு உயிரிப் பாதுகாப்புச் சோதனை, அதன் பிறகே செக்-இன். அட்டையின் மறுபாதி திரும்பும்போது வேண்டும், தொலைத்துவிடாதீர்கள். தீவுகளில் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்தங்கி ஓடும். இன்னொன்று: அங்கே பால்ட்ரா, சான் கிறிஸ்டோபல் என இரண்டு முக்கிய விமான நிலையங்கள். சில கப்பல்கள் ஒன்றில் ஏற்றி மற்றதில் இறக்கிவிடும். கப்பல் பயணத்திட்டம் கைக்கு வராமல் விமான டிக்கெட் போடாதீர்கள்.

நாங்கள் சுத்த சைவம். பருப்புப் பொடி, ஊறுகாய் கொண்டுபோக விடுவார்களா?
- ல. ச., கும்பகோணம்

முளைக்கக்கூடிய எதுவும் தீவுக்குள் போகக்கூடாது. கறிவேப்பிலை, பச்சை மிளகாய், எலுமிச்சை, பழம், கடுகு, முழு மல்லி, வறுக்காத வேர்க்கடலை எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும். வறுத்து அரைத்த பொடியைக் கடையில் வாங்கி, உறை பிரிக்காமல் வைத்து, சோதனையில் நீங்களே எடுத்துக் காட்டுங்கள். விடுவதும் விடாததும் அந்த அதிகாரி முடிவு. வீட்டில் கட்டிய பொட்டலம் போய்விட்டால் வருத்தப்படாதீர்கள்.

பட்டினி கிடக்க வேண்டியதில்லை. சோறு, மெனெஸ்ட்ரா என்ற பயறுக் குழம்பு, பச்சை வாழைக்காயைத் தட்டிப் பொரித்த பட்டகோன், உருளைக்கிழங்கு அடை எல்லாம் அந்த நாட்டுச் சாப்பாடே. ஆபத்து சூப்பில்தான். காய்கறி சூப் என்பார்கள், அடியில் கோழிச் சாறு இருக்கும். "சைவம்" என்று மட்டும் எழுதினால் மீன் வந்து நிற்கும். மீன், முட்டை, கோழிச் சாறு கூடாது என்று ஒவ்வொன்றாக எழுதி, ஒரு மாதம் முன்பே அனுப்புங்கள். நடுக்கடலில் சமையல்காரரிடம் சொன்னால் அவர் என்ன செய்வார்?

ஏழு வயது மகளுக்கு நீச்சல் சரியாக வராது. ஸ்நார்க்கல் செய்ய முடியுமா? "ஈர இறக்கம்" என்கிறார்களே, அது என்ன?
- மு. தே., சிங்கப்பூர்

கப்பல் கரையை ஒட்டாது. பாங்கா என்ற ரப்பர் படகில் மாறிப் போக வேண்டும். பாறையிலோ படித்துறையிலோ கால் வைத்தால் உலர் இறக்கம். மணலோரம் முழங்கால் தண்ணீரில் இறங்கினால் ஈர இறக்கம். ஏறும்போதும் இறங்கும்போதும் இரண்டு கையும் காலியாக இருக்க வேண்டும். கேமராவை முன்னதாகவே நீர்புகாப் பையில் போட்டுப் படகோட்டியிடம் கொடுத்துவிடுங்கள். அவர் கையை விரல் கோத்துப் பிடிக்காமல், மணிக்கட்டுக்கு மேலே அவர் உங்களையும் நீங்கள் அவரையும் பற்றுங்கள். ஈரக்கை வழுக்கினாலும் அந்தப் பிடி விடாது. ஈர இறக்கத்தில் படகு விளிம்பில் உட்கார்ந்து, இரண்டு காலையும் வெளியே போட்டு, அலை பின்வாங்கி வழிகாட்டி சொன்னதும் சறுக்கி இறங்க வேண்டும். குதித்தால் கணுக்கால் பிசகும். குழந்தைகள் படகில் லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றவே கூடாது.

ஸ்நார்க்கல் என்றால் முகமூடியும் மூச்சுக்குழாயும் மாட்டிக்கொண்டு, முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து மிதப்பது. அதற்கு முதல் முறை படகிலிருந்து இறக்காதீர்கள். எஸ்பன்யோலாவின் கார்ட்னர் விரிகுடா போன்ற மணற்கரையில், மிதவைச் சட்டையோடு, இடுப்பளவு தண்ணீரில் ஆரம்பியுங்கள். முகமூடியை ஊரிலேயே வாங்குங்கள். வாரைப் போடாமல் முகத்தில் வைத்து மூக்கால் மூச்சிழுத்தால் அது விழாமல் ஒட்டி நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அந்த முகத்துக்கு அது சேராது, வாரை இறுக்கிப் பயனில்லை. உள்ளே தண்ணீர் வருவதற்குப் பெரும்பாலும் காரணம் விளிம்பில் சிக்கிய முடி. மகளுக்கு நெற்றி முடியை ஒதுக்கிப் பின்னிவிடுங்கள். அப்பாவுக்கு மீசை இருந்தால் மூக்குக்குக் கீழே மெல்லிய கோடாக மழித்தால் போதும், முழு மீசையையும் தியாகம் செய்ய வேண்டாம்.

குளிர் தாங்கும் நீச்சல் உடையான வெட்சூட் குழந்தை அளவில் இருக்கிறதா என்று கேட்டு, உயரமும் எடையும் முன்பே அனுப்புங்கள். ஏப்ரலில் 3 மி.மீ. தடிமன் போதும், ஜூலைக்குப் பிறகும் மேற்கேயும் 5 மி.மீ. முதுகுப் பக்கம் துணி மடிப்பாகத் தொங்கினால் அது பெரிது. தண்ணீர் உள்ளே புகுந்து ஓடிக்கொண்டே இருக்கும், போட்டும் போடாததுபோல்தான். இருபது நிமிடத்தில் ஒருமுறை உதட்டைப் பாருங்கள். நிறம் மாறினால் மேலே ஏற்றிவிடுங்கள்.

கடல் சிங்கக் குட்டிகள் தாமாகவே வந்து சுற்றும், பயமில்லை. குரைத்துக்கொண்டு கரையோரம் முன்னும் பின்னும் நீந்தும் பெரிய ஆண் வேறு விஷயம். அது தன் எல்லையைக் காவல் காக்கிறது. அதற்கும் தண்ணீருக்கும் நடுவில் யாரும் நிற்கக்கூடாது.

எனக்குப் பேருந்திலேயே வாந்தி வரும். கப்பல் தாங்குமா?
- பெயர் வேண்டாம், சேலம்

கப்பல் நகர்வது பெரும்பாலும் இரவில், படுத்திருக்கும்போது. கீழ்த்தளத்தில் நடுக் கேபின் கேளுங்கள், ஆட்டம் அங்கேதான் குறைவு. மேல்தளக் கேபின் விலையும் கூடுதல், ஆட்டமும் கூடுதல். இரட்டை உடல் கொண்ட கேட்டமரான் பக்கவாட்டில் குறைவாக உருளும். மாத்திரையைக் கப்பல் கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே போட்டுவிடுங்கள். வாந்தி தொடங்கியபின் போட்டால் அது வயிற்றில் தங்காது. அவோமின் மாத்திரை தூக்கம் வரவழைக்கும், இரவுக்கு நல்லது, பகலுக்கு ஆகாது. பிள்ளைகளுக்கான அளவை டாக்டரிடம் கேளுங்கள்.

வடக்கே ஜெனோவேசா போகும் இரவுதான் நீளமானது. உங்களுக்கு அந்தத் தீவு இல்லாத வழித்தடமே மேல்.

அம்மாவுக்கு 66 வயது, முழங்கால் வலி. கூட அழைத்துப் போகலாமா?
- அ. நூ., நாகர்கோவில்

தாராளமாக. ஈர இறக்கம்தான் சிரமம் என்று நினைப்பீர்கள், உண்மையில் உலர் இறக்கம்தான் வழுக்கும். எஸ்பன்யோலாவில் பாறைமேல் பாறையாக நடக்க வேண்டும், பார்த்தலோமேயில் 350-க்கு மேற்பட்ட மரப்படிகள். அந்த இரண்டு வேளையும் அவர் கப்பலிலேயே இருக்கட்டும். சாண்டா குரூஸ் மேட்டுநிலத்தில் ராட்சத ஆமைகள் புல்வெளியில் மேய்கின்றன, அங்கே சமதரையில் நிதானமாக நடக்கலாம். மடக்கும் கைத்தடியின் நுனியில் ரப்பர் தொப்பி இருக்கட்டும்.

கடல் இகுவானா ஏன் மூக்கால் தண்ணீர் பீச்சுகிறது?
- ஆறாம் வகுப்பு மாணவி, தஞ்சாவூர்

அது உப்பு, கண்ணு. கடலுக்குள் மூழ்கிப் பாசி மேயும் ஒரே பல்லி இனம் அதுதான். பாசியோடு உப்பும் உள்ளே போய்விடுகிறது. மூக்கருகே உள்ள சுரப்பி அந்த உப்பை இரத்தத்திலிருந்து பிரித்தெடுக்க, அது "புஸ்" என்று தும்மி வெளியேற்றுகிறது. தலைமேல் வெள்ளைத் தொப்பி போட்டதுபோல் தெரிவது, அந்தத் தும்மல் தன் தலையிலேயே விழுந்து காய்ந்த உப்பு. பாறையும் கறுப்பு, அதுவும் கறுப்பு. கால் வைக்கும் முன் கீழே பார். இரண்டு மீட்டர் தள்ளி நில், ஃப்ளாஷ் போடாதே.

நாம் போகும் நேரத்தில் எரிமலை வெடித்தால்?
- இ. ஜோ., யாழ்ப்பாணம்

வெடிக்கத்தான் செய்கிறது. 2022 ஜனவரியில் இசபெலாவின் உல்ஃப், 2024 மார்ச்சில் பெர்னாண்டினா. இவை கேடய வடிவ எரிமலைகள், குழம்பு பெரும்பாலும் நெய்போல் வழிந்தோடும். பெர்னாண்டினாவில் மனிதக் குடியிருப்பும் இல்லை. அந்த இடத்தைப் பூங்கா நிர்வாகம் மூடிவிட்டு, கப்பலுக்கு வேறு இடம் ஒதுக்கும். அனுமதி கிடைத்தால் கேப்டன்கள் இரவில் தூரத்தில் நிறுத்திக் காட்டுவதும் உண்டு. காப்பீடு எடுக்கும்போது வழித்தட மாற்றத்துக்கு ஈடு கிடைக்குமா என்று பாருங்கள், பெரும்பாலும் கிடைக்காது.

இவ்வளவு தூரம் ஏன்? அந்தமானிலேயே எரிமலைத் தீவு இருக்கிறதே?
- வே. கு., ஈரோடு

இருக்கிறது, பாரன் தீவு. போர்ட் பிளேரிலிருந்து (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) வடகிழக்கே ஏறக்குறைய 140 கி.மீ. தெற்காசியாவிலேயே உயிரோடிருக்கும் ஒரே எரிமலை என்று உறுதியானது அதுதான். நெடுங்காலம் அடங்கிக் கிடந்து 1991-ல் மறுபடி விழித்தது. பயணிகளைத் தீவில் இறக்குவதில்லை, கப்பலில் இருந்தபடிதான் பார்க்க முடியும். எரிமலையைப் பார்ப்பதுதான் ஆசையென்றால் நவம்பரிலிருந்து ஏப்ரலுக்குள் அதற்குப் போங்கள், செலவும் மிச்சம், விசாவும் வேண்டாம். விலங்குகள்தான் ஆசையென்றால் அது ஈடாகாது.